கும்பகோணத்தில் தாம்பூல ஐஸ்கிரீம்: சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

திருவையாறு வாணி:
சனிக்கிழமை சாயங்காலம் கும்பகோணத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு சின்ன ஐஸ்கிரீம் கடைக்குப் போனோம். பாலை அங்கேயே காய்ச்சி, அன்றன்றைக்குக் கடைகிறார்கள். தாம்பூலம், டிகிரி காபி, அசோகா (எங்கள் ஊர்ப் பாசிப்பருப்பு அல்வா), சுக்கு பனங்கற்கண்டு என்று பலகையில் எழுதியிருந்தது. நான் தாம்பூலம் வாங்கினேன். சாயம் இல்லை, மங்கலான பச்சைதான். வாயில் வைத்ததும் பால் இனிப்பு மட்டும் தெரிந்தது. விழுங்கிய பிறகுதான் வெற்றிலைக் காரம் தொண்டையில் மெல்ல ஏறியது. கல்யாணப் பந்தியில் எழுந்து கை கழுவிவிட்டு முதல் வெற்றிலையைக் காம்பு கிள்ளிப் போடுவோமே, அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. நம் ஊரிலேயே இப்படி ஒரு கடை வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

பழைய தஞ்சாவூர்:
நானும் போனேன் அம்மா. ஒரு கரண்டி 110 ரூபாய். எனக்கு ஒப்பவில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்து மென்றால்தான் தாம்பூலம். இலைச் சாற்றைப் பாலில் இறக்கிவிட்டு அந்தப் பெயரை வைப்பது தப்பு. அசோகா அதைவிட மோசம். சூடாக இலையில் விழுந்து, நெய் மினுங்க, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டிய பண்டம் அது. குளிரில் நெய் உறைந்து மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. பாசிப்பருப்பு மணல் போல நறநறத்தது. திருவையாற்றுக்காரர் நீங்கள், இதைக் கேட்க வேண்டாமா?

திருவையாறு வாணி:
அசோகா பற்றிச் சொன்னது சரி சார். என் பையன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்ததோடு வைத்துவிட்டேன். அதற்காக வெற்றிலையையும் சேர்த்துத் தள்ளாதீர்கள்.

மாயவரம் பால்காரர்:
வீட்டிலேயே ஐஸ்கிரீம் போட்டுப் பழகியவன் என்பதால் சொல்கிறேன். வெற்றிலையைப் பாலோடு கொதிக்கவிட்டால் இலை கருக்கும், மணம் ஆவியோடு போய்விடும். ஆறிய பாலில் கிள்ளிப் போட்டு ராத்திரி முழுக்கக் குளிரில் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். இலையின் எண்ணெயைப் பால் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். அந்தக் கொழுப்பு வாயில் உருகிய பிறகுதான் காரம் வெளியே வரும். வாணி அக்காவுக்குத் தொண்டையில் ஏறியது அதுதான். எசென்ஸ் ஊற்றியிருந்தால் நாக்கில் வைத்தவுடனேயே மூக்கில் அடித்திருக்கும்.

விலையைப் பற்றியும் ஒன்று. ஐஸ்கிரீமை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள், அதில் காற்றும் அடக்கம். ஒரு லிட்டர் 525 கிராமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது பாதி காற்றாக இருந்தாலும் தப்பில்லை. கையால் போடும் கடைகளில் காற்று குறைவு, அதனால் அதே கரண்டி கனமாக இருக்கும். இன்னொன்று, ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்க 10 சதவீதம் பால் கொழுப்பு வேண்டும். தாவர எண்ணெயில் செய்ததை 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றுதான் எழுத முடியும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

பழைய தஞ்சாவூர்:
கணக்கு சரி தம்பி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் டிகிரி காபி? டபராவில் ஆற்றும்போது எழும் மணம்தானே அதன் உயிர். உறைந்ததில் அது எங்கிருந்து எழும்?

மாயவரம் பால்காரர்:
மணம் குறையும், நிஜம். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பும் மட்டுப்பட்டுத்தான் தெரியும். ஆனால் சிக்கரியின் கசப்பு போகாது. முதல் டிகாக்ஷனைக் கெட்டியாக இறக்கினால் காபி நன்றாகவே நிற்கும்.

கொடிக்கால்:
பண்டாரவாடைப் பக்கம் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அகத்தியில் ஏற்றிவிட்ட கொடி, தினம் தண்ணீர் பார்க்க வேண்டும். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கவுளியை, அதாவது வெற்றிலைக் கட்டை, வைத்துக்கொண்டு வாங்க ஆள் தேடுகிறோம். ஆடி மாதத்திலும் இலை வாங்கும் ஒரு கடை இருந்தால் அது எங்களுக்குப் பெரிய விஷயம். பழைய தஞ்சாவூர் ஐயா, பெயர் எதுவானாலும் இருக்கட்டும். எந்த ஊர் இலை, கொழுந்தா முற்றலா என்று மட்டும் கடைக்காரரிடம் யாராவது கேளுங்கள். கொழுந்து என்றால் காரம் இதமாக இருக்கும்.

திருவையாறு வாணி:
கேட்டேன் அண்ணா. சுவாமிமலையிலிருந்து காலையில் வருகிறதாம். ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த கட்டையும் பிரித்துக் காட்டினார். எல்லாம் கொழுந்து.

பழைய தஞ்சாவூர்:
அப்படியானால் பலகையில் 'சுவாமிமலை வெற்றிலை' என்றே எழுதட்டும். தாம்பூலம் வேண்டாம். அசோகாவை எடுத்துவிடட்டும். வரும் வெள்ளிக்கிழமை கும்பகோணத்தில் வேலை இருக்கிறது, நானே உள்ளே போய்ச் சொல்கிறேன். சொல்லிவிட்டு வெற்றிலை ஐஸ்கிரீமில் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டும் பார்க்கிறேன்.