குச்சியில் கட்டிய சிறு கொடி: போராட்டத்துக்குப் போனால் நாட்டுப்பற்று இல்லை என்று ஆகிவிடுமா?

கேள்வி: ஒஹாயோவாசி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 14 ஆண்டுகளாக வசிக்கிறேன். குடியுரிமை பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உறுதிமொழி எடுத்த அன்று ஆளுக்கொன்றாகக் கொடுத்த, உள்ளங்கை அகலமுள்ள சிறு அமெரிக்கக் கொடியைப் பத்திரமாக வைத்திருந்தேன். 2025 அக்டோபர் 18 அன்று அதிபர் டிரம்பின் ஆட்சியை எதிர்த்து நாடு முழுவதும் ‘நோ கிங்ஸ்’ (மன்னர்கள் வேண்டாம்) என்ற பெயரில் போராட்டங்கள் நடந்தபோது, எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் கூடிய கூட்டத்துக்கு அதையே எடுத்துச் சென்றேன். முழக்க அட்டை எதுவும் எழுதவில்லை. அருகில் நின்ற பெண்மணி கொடியைப் பார்த்துவிட்டு, “இதை ஏன் கொண்டுவந்தீர்கள், இது டிரம்ப் ஆதரவாளர்கள் ஆட்டும் கொடியாயிற்றே” என்றார். மாலையில் வீடு திரும்பினால், ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற எதிர்வீட்டுப் பெரியவர், “நாட்டைத் திட்டப் போகிறவருக்கு இந்தக் கொடி எதற்கு? நீங்கள் ஜனநாயகக் கட்சிக்காரர் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே” என்றார்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. அரசின் சில செயல்களை எதிர்ப்பதும் இந்த நாட்டை நேசிப்பதும் ஒருவருக்குள் சேர்ந்திருக்க முடியாது என்ற எண்ணம் இங்கு எப்போதுமே இருந்ததா, அண்மையில் வந்ததா? ஒரே கொடி இரு தரப்புக்கும் எப்படி உறுத்தலானது?

பதில் 1: பழைய ஏடு

நண்பரே, உங்கள் மாநிலத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. 1918 ஜூன் மாதம் ஒஹாயோவின் கேன்டன் நகரில் சோசலிஸ்டுத் தலைவர் யூஜின் டெப்ஸ் முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசினார். அந்தப் பேச்சுக்காக மட்டுமே அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றமும் 1919இல் அதை ஒருமனதாக உறுதிசெய்தது. அவர் சிறைக்குள் இருந்தபடியே 1920 அதிபர் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். அவரைச் சிறையில் தள்ளியது ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அதிபர் வில்சனின் அரசு. 1921 டிசம்பரில் தண்டனையைக் குறைத்து விடுவித்தவரோ குடியரசுக் கட்சியைச் சேர்ந்த, ஒஹாயோக்காரரான அடுத்த அதிபர் ஹார்டிங். இன்றைய முத்திரைகளை வைத்துப் பார்த்தால் இந்தக் கதை தலைகீழாகத் தோன்றும்.

இன்னும் பின்னோக்கிப் போனால், அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டு முடிவதற்குள், 1798இலேயே, அரசை அவதூறாக எழுதுவோரைச் சிறையிலிடும் தேசத்துரோகச் சட்டத்தை அன்று ஆண்ட ஃபெடரலிஸ்டுக் கட்சி கொண்டுவந்தது. எதிர்க்கட்சிப் பத்திரிகையாசிரியர்கள்தாம் அதில் பெரும்பாலும் சிக்கினார்கள். ஆளும் கட்சியை ஏசுவதும் நாட்டை ஏசுவதும் ஒன்றே என்ற வாதம் குடியரசோடு கூடவே பிறந்துவிட்டது. ஆகவே உங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை.

குடியரசுக் கட்சி வெல்வது சிவப்பு மாநிலம், ஜனநாயகக் கட்சி வெல்வது நீல மாநிலம் என்ற பிரிப்பு மட்டும் உண்மையிலேயே புதிது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்பு தொலைக்காட்சிகள் அவரவர் விருப்பப்படி வண்ணம் பூசின. குடியரசுக் கட்சிக்கு நீலம் தீட்டிய வரைபடங்களும் உண்டு. இழுபறியாக முடிந்த அந்தத் தேர்தலின் வரைபடம் வாரக்கணக்கில் திரையில் நின்றதால், அந்த வண்ணங்களே ஒட்டிக்கொண்டன.

பதில் 2: சட்டம் படித்தவர்

கொடியைப் பற்றிய சட்டநிலையை மட்டும் சொல்கிறேன். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் பள்ளியில் கொடிவணக்கம் செய்ய மறுத்தபோது, அவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1940இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து பல ஊர்களில் அந்தப் பிரிவினர் தாக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943 ஜூன் 14 அன்று, அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அன்று அமெரிக்கக் கொடிநாள் என்பது கூடுதல் சுவை. பிறநாட்டுக்காரர்கள் பலர் நம்ப மறுக்கும் செய்தி இது: நாட்டுப்பற்றை உரக்கச் சொல்லும்படி அமெரிக்க அரசு எந்தப் பள்ளிப் பிள்ளையையும் கட்டாயப்படுத்த முடியாது.

கொடியை எரித்த வழக்கு 1989இல் முடிந்தது. டல்லஸில் 1984இல் குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு வெளியே கொடியை எரித்தவரைத் தண்டிக்க முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதிபர் ரேகன் நியமித்த, பழமைவாதிகளின் தூண் எனப்பட்ட நீதிபதி ஸ்காலியா, எரித்தவரின் உரிமைக்கு ஆதரவாக நின்றார். பின்னாளில் தாராளவாத அணியின் தலைவராகக் கருதப்பட்ட, உலகப் போரில் கடற்படையில் பணியாற்றிய நீதிபதி ஸ்டீவன்ஸ் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். கொடி எரிப்பைத் தடை செய்வதற்கான சாசனத் திருத்தம் 2006இல் மேலவையான செனட்டில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. கொடி எரிப்போர் மீது வழக்குத் தொடுக்க வலியுறுத்தும் ஆணையில் அதிபர் டிரம்ப் 2025 ஆகஸ்டில் கையெழுத்திட்டார். ஆனால் ஆணையால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நீக்க முடியாது. கொடியை எரிப்பவருக்கே இவ்வளவு பாதுகாப்பு என்றால், மரியாதையோடு ஏந்தி நின்ற உங்களுக்கு என்ன தடை?

பதில் 3: மறுபக்கம்

மேலே எழுதிய இருவரும் பழங்கதைகளில் இளைப்பாறுகிறார்கள் என்று தோன்றுகிறது. கேட்டவரின் சிக்கல் நீதிமன்றத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது. நான் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அக்டோபர் போராட்டத்தை, மக்களவைத் தலைவர் மைக் ஜான்சன் அமெரிக்காவை வெறுப்போரின் கூட்டம் என்றார். அது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் 2009இல் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தை எதிர்த்து ஊர்க் கூட்டங்களில் மக்கள் கூச்சலிட்டபோது, அப்போதைய மக்களவைத் தலைவர் நான்சி பெலோசி, மாற்றுக்கருத்தை அவ்வாறு மூழ்கடிப்பது அமெரிக்கத் தன்மையற்றது என்று கட்டுரையில் எழுதினாரே, இன்று ஜான்சனைக் கண்டிப்பவர்கள் அன்று எங்கே இருந்தார்கள்? கூச்சலைத்தான் கண்டித்தார், கூடியவர்களை அல்ல என்று வாதிடலாம். சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் நாற்காலி கைமாறியதும் சொல்லும் கைமாறுகிறது.

எங்கள் தரப்பின் குறையையும் மறைக்கவில்லை. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த டிரம்ப் ஆதரவாளர்கள் சிலர் கொடிக்கம்பங்களாலேயே காவலர்களை அடித்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தபின் கொடியைக் கண்டால் சிலருக்கு ஒரு தயக்கம் வருவது எனக்குப் புரிகிறது. அதற்காக உங்கள் அருகில் நின்ற அம்மையார் கொடியை எங்களுக்கே எழுதிக்கொடுத்துவிட்டது, மன்னிக்கவும், எங்களுக்கு இலாபம்தான்.

பதில் 4: ஒஹாயோவாசி (கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. மறுபக்கம் ஐயா சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். எதிர்வீட்டுப் பெரியவரிடம் நேற்று டெப்ஸ் கதையைச் சொன்னேன். கேன்டன்தான் தம் மனைவியின் ஊர் என்றும், இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றும் சொன்னார். கட்சி விஷயத்தில் மட்டும் இறங்கிவரவில்லை. “எதிலும் பதிவு செய்யவில்லை என்றால் எந்தப் பக்கம்?” என்று மீண்டும் கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது?

பதில் 5: சட்டம் படித்தவர்

ஒஹாயோவில் தனியாகக் கட்சிப் பதிவு கிடையாது. கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்குகிறீர்களோ, அதை வைத்தே கட்சிச் சார்பு பதிவாகும். மக்கள் முடிவுக்கு விடப்படும் தீர்மானங்கள் இருந்தால், அவற்றுக்கு மட்டுமான கட்சி சாராத சீட்டையும் கேட்கலாம். பெரியவரிடம், “இன்னும் சீட்டு வாங்கவில்லை” என்று சொல்லுங்கள். அது முழு உண்மை.