சப்பாத்தி நிறுத்தினதும் வயிறு சரியாயிடுச்சு, இனிமே டெஸ்ட் எடுக்கணுமா?

கோவைக்காரி:
எல்லாருக்கும் வணக்கங்க. கொஞ்சம் பெரிய கதை, பொறுமையா படிங்க. எனக்கு 38 வயசு. மூணு வருஷம் முன்னாடி வீட்டுக்காரருக்கு சுகர்னு தெரிஞ்சப்ப டாக்டர் ராத்திரி சாதம் வேண்டாம் சப்பாத்தி சாப்பிடுங்கன்னாரு, ஒருத்தருக்குன்னு தனியா எதுக்கு செய்யறதுன்னு வீட்டுல எல்லாருக்குமே ராத்திரி சப்பாத்தின்னு ஆயிடுச்சு. அப்ப இருந்தே கொஞ்சம் கொஞ்சமா எனக்கு வயிறு கெட்டுப்போச்சு. சாயங்காலமானா வயிறு மத்தளம் மாதிரி உப்பிக்கும், சுடிதார் நாடாவை லூஸ் பண்ணிட்டுதான் உக்காரவே முடியும், காலைல நாலஞ்சு தடவை பாத்ரூம், ஆபீஸ் பஸ் ஏறவே பயம். கேஸ்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க, இரும்பு மாத்திரையும் ஆறு மாசம் போட்டேன், ஹீமோகுளோபின் 8.9-ஐ விட்டு நகரவே இல்ல.

ஆடிக்கு அம்மா வீட்டுல 12 நாள் இருந்தேன். அங்க காலைல இட்லி, மத்தியானம் சாதம், ராத்திரி கஞ்சி இல்ல கம்பங்கூழ், கோதுமைங்கற பேச்சே இல்ல. நாலு நாள்ல வயிறு அடங்கிடுச்சு, ஊர்த் தண்ணின்னு நினைச்சேன். திரும்பி வந்த அன்னிக்கு ராத்திரி ரெண்டே சப்பாத்தி, விடிகாலைல அதே கதை! அப்புறம் நானே கோதுமையை நிறுத்திட்டேன், இப்ப ஏழு வாரம் ஆச்சு, 80 சதவீதம் நல்லா இருக்கேன். ஆனா வாரத்துக்கு ஒரு தடவையாவது மறுபடி உப்பிக்குது, அது ஏன்னு புரியல. சரியாயிடுச்சுல்ல, இனி டெஸ்ட் எடுத்து என்ன ஆகப்போகுதுங்கறாரு வீட்டுக்காரர். எடுக்கணுமாங்க?

டெல்லி_அம்மா:
எடுங்க, இந்த வாரமே போங்க. என் பையனுக்கு ஆறு வயசுல சீலியாக்னு கண்டுபிடிச்சாங்க, அதாவது கோதுமைல இருக்கற க்ளூட்டன்ங்கற புரதத்தால சிறுகுடல் கெட்டுப்போற நோய், அதனால இதுல கொஞ்சம் அடிபட்டவ நான். டிடிஜி ஐஜிஏன்னு ரத்த டெஸ்ட், ஐஜிஏங்கறது உடம்பு உண்டாக்கற ஒரு வகை எதிர்ப்புப் புரதம், கூடவே மொத்த ஐஜிஏ அளவும் பாக்கச் சொல்லுங்க, ஏன்னா சிலருக்கு உடம்புல ஐஜிஏவே கம்மியா இருக்கும், அப்ப நோய் இருந்தாலும் ரிசல்ட் நார்மல்னு வந்துடும். ரத்தத்துல வந்தா எண்டோஸ்கோப்பி பண்ணி சிறுகுடல்ல துளி சதை எடுத்துப் பாப்பாங்க. சிக்கல் என்னன்னா இது எல்லாமே கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கறப்ப எடுக்கவேண்டிய டெஸ்ட். நிறுத்திட்டா அந்த அளவு மாசக்கணக்குல மெதுவா இறங்கிடும், குடலும் ஆற ஆரம்பிச்சுடும். ஏழு வாரம்தான்ங்கறதால இன்னும் காட்ட வாய்ப்பு இருக்கு, நார்மல்னு வந்தா மட்டும் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, சில வாரம் மறுபடி கோதுமை சாப்பிட்டு எடுக்கணுமான்னு டாக்டர் சொல்லுவாரு. ஹெச்எல்ஏ ஜீன் டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுக்கு கோதுமை சாப்பிட்டே ஆகணும்னு இல்ல, டிக்யூ2 டிக்யூ8ங்கற ஜீன் வகை ரெண்டும் இல்லன்னா அனேகமா சீலியாக் கிடையாது.

எனக்கு உறுத்தறது உங்க ஹீமோகுளோபின்தான். இரும்புச்சத்தை உறிஞ்சறது சிறுகுடலோட ஆரம்பப் பகுதி, சீலியாக் முதல்ல கெடுக்கறதும் அதையேதான். மாத்திரை போட்டும் ஏறலன்னா வேற காரணமும் இருக்கலாம், அதனாலயே பாத்துடணும்.

உங்க அம்மா வீட்டு 12 நாள் கதையை படிச்சதும் எனக்கு ஹாலந்து ஞாபகம் வந்துச்சு. 1944 குளிர்காலத்துல போர்ப் பஞ்சம், ரொட்டியே கிடைக்கல, அப்ப இந்த நோய் இருந்த குழந்தைங்க தேறினதையும் ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்ததையும் பாத்த வில்லெம் டிக்கேங்கற குழந்தை டாக்டர்தான் கோதுமைதான் காரணம்னு நிரூபிச்சாரு.

பரோட்டா_பிரியன்:
க்ளூட்டன் எல்லாம் வெள்ளைக்காரன் வியாதிங்க. நமக்கு பரோட்டாவே செரிக்குது.

டெல்லி_அம்மா:
தம்பி, வட இந்தியால நூத்துல ஒருத்தருக்கு இருக்குன்னு ஆய்வுலயே வந்துருக்கு, தெற்க அதுல பத்துல ஒரு பங்குதான். கம்மி, இல்லாம இல்ல. சோறு தின்ன ஊர்ல தெரியாம இருந்தது சப்பாத்தி வந்ததும் தெரியுதோ என்னவோ.

தயிர்சாதம்82:
நான் எதிர்க்கட்சி. எனக்கும் இதே உப்புசம்தான், டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனாலும் கோதுமை நிறுத்தினா நல்லா இருந்துச்சு. கடைசில டயட்டீஷியன்தான் பிடிச்சாங்க, க்ளூட்டன் இல்லயாம், ஃப்ரக்டான்னு கோதுமைல இருக்கற ஒரு வகை மாவுச்சத்து. நம்ம சிறுகுடல் அதை செரிக்காது, அப்படியே பெருங்குடலுக்குப் போயி அங்க இருக்கற பாக்டீரியா அதைப் புளிக்கவச்சு கேஸ் ஆக்குது, பல பேருக்கு ஒண்ணும் பண்ணாது, என்ன மாதிரி ஆளுங்களுக்கு வயித்தைப் புரட்டும். அதே சமாச்சாரம் வெங்காயம் பூண்டுலயும் இருக்கு! நான் சப்பாத்திக்கு தொட்டுக்கிட்டதே மூணு வெங்காயம் வதக்கின குருமா. மெல்போர்ன் மோனாஷ் யுனிவர்சிட்டில உருவாக்கின டயட் முறைல ஒண்ணொண்ணா நிறுத்தி திரும்ப சேர்த்துப் பாத்தேன், இப்ப ஒரு சப்பாத்தி தாங்குது, குருமா தாங்கல. அதனால வாராவாரம் உப்பறது எந்தக் குழம்பு அன்னிக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. ஆனா டெஸ்ட் முதல்ல, அதுல டெல்லி அம்மா கட்சிதான் நானும்.

மில்லுக்காரர்_மகன்:
ரவை, சேமியா, மைதா எல்லாமே கோதுமைதான், தெரியும்ல? எங்க சித்தி "நான் கோதுமையே தொடறதில்ல"ன்னு சொல்லிட்டு டெய்லி ரவா உப்புமா சாப்பிட்டுட்டு இருந்தாங்க. மால்ட்னு போட்ட பவுடர் நிறைய பார்லி, அதுலயும் க்ளூட்டன் இருக்கு.

அப்புறம் எங்க தொழில் ரகசியம் ஒண்ணு. ராகி மாவு எங்க அரைக்கறீங்க? முன்னாடி ஆள் கோதுமை அரைச்சுட்டு போயிருந்தா அதே மிஷின்ல, கல்லு இடுக்குல ஒட்டினது உங்க பைலதான் முதல்ல விழும். அப்பாகிட்ட ஒருத்தர் காலைல மில்லு திறந்ததும் வந்து, முதல்ல ஒரு கிலோ அரிசி போட்டு ஓட்டி அதை மாட்டுக்குக் குடுத்துட்டு அப்புறம்தான் தன் ராகியைக் கொட்டச் சொல்லுவாரு. கொஞ்சம் ஓவர்னு நாங்க சிரிப்போம், இப்பதான் காரணம் புரியுது. பாக்கெட்னா க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்டதா பாருங்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ரூல்.

பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பாருங்க.

கோவைக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பெருங்காய டப்பாவை இப்பதான் கண்ணாடி போட்டுட்டு படிச்சேன், கோந்து, அதுக்கடுத்து மைதான்னு இருக்கு! தினமும் சாம்பார் ரசம்னு நானேதான் போட்டுட்டு இருந்துருக்கேன். கட்டிப் பெருங்காயத்துலயும் கலப்பாங்களா, யாராவது சொல்லுங்க. இன்னொண்ணும் உறைச்சுது, நான் சாப்பிடலன்னாலும் ராத்திரி ராத்திரி அவருக்கு மாவு பிசையறது நான்தான், அந்தக் கல்லுலயே எனக்கு தோசையும் ஊத்தறேன்.

வியாழக்கிழமை காலைல ரத்தம் குடுக்கறேன், மொத்த ஐஜிஏவும் சேர்த்து எழுதி வாங்கிட்டேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் மாவு அவரே பிசையட்டும்னு சொல்லிட்டேன், நேத்து பிசைஞ்சாரு, சப்பாத்தி இலங்கை மேப் மாதிரி வந்துச்சு.