1941 முத்திரை, ஆனால் அலகில் வாசகம்: ஹிட்லர் இளைஞர் அமைப்பின் கத்தி, உறை பற்றி உதவி தேவை

நண்பர்களே, ஒரு கத்தியின் காலத்தை உறுதி செய்ய வேண்டும். ஒற்றைக் கூர் அலகு, சுமார் 14 செ.மீ. சொரசொரப்பான கருப்புப் பிடி, அதில் சிவப்பு வெள்ளை எனாமல் பதித்த சாய்சதுரச் சின்னம். அலகின் ஒரு பக்கம் ‘ப்ளூட் உண்ட் ஏரே!’ (இரத்தமும் மானமும்) என்ற ஜெர்மன் வாசகம். மறுபக்கம் வட்டத்துக்குள் ஆர்.ஸெட்.எம். (நாஜிக் கட்சிப் பொருள்களின் தயாரிப்பைக் கட்டுப்படுத்திய அலுவலகத்தின் முத்திரை), கூடவே எம்7/66, 1941.

சிக்கல் இங்கேதான். எம்7/66 ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரிலிருந்த கார்ல் ஐக்ஹார்ன் நிறுவனத்துக்கு அந்த அலுவலகம் தந்த எண், அதில் குழப்பமில்லை. ஆனால் 1933-இல் வந்த இந்த வாசகம் 1938-இல் கைவிடப்பட்டது. தொடக்ககாலக் கத்திகளில் நிறுவனத்தின் வணிகச் சின்னம் மட்டும் இருக்கும். இடைக்காலத்தில் அதுவும் ஆர்.ஸெட்.எம். எண்ணும் சேர்ந்து வரும். பிறகு எண் மட்டும். வாசகம் இருந்தால் விலை கூடும் என்பதால் வெற்று அலகில் பின்னாளில் அமிலத்தால் அரித்து எழுதுவதும் உண்டு. எனக்கு அந்தச் சந்தேகமே வலுவாக இருக்கிறது.

அசல் வாசகம் உள்ள கத்தி வைத்திருப்பவர்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்துகளை நெருக்கமாகப் படமெடுத்துப் போடுங்கள். பளபளப்பாக்கும் பசை எதுவும் தேய்க்க வேண்டாம், மேலோட்டமான எழுத்து அழிந்துவிடும். எழுத்தின் பள்ளத்துக்குள் அலகின் பழைய கீறல்கள் தொடர்கின்றனவா, அல்லது விளிம்பிலேயே நின்றுவிடுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

உறையும் தனிக் கேள்வி. எஃகு, கருப்புப் பூச்சு, தோல் இடுப்புப்பட்டை வளையம். உறைகள் எளிதில் மாற்றப்படுபவை என்பதால் அதை வைத்து அலகின் ஆண்டைச் சொல்ல நான் தயாரில்லை. தோலை இணைக்கும் ரிவெட்டுகளின் முன்புறமும் பின்புறமும் தெரியும் படங்கள் கிடைத்தால் ஒப்பிடலாம்.