பனிக்கட்டிக்குள் கோலங்கள், பிம்பங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கல்கரிவாசி

ஆல்பர்ட்டாவின் ஆப்ரஹாம் ஏரிக்கு எதற்குப் போகிறோம் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, பனிக்குள் உறைந்த குமிழிகளைப் படம் எடுக்கத்தான். ஏரிக்கரையில் ப்ரீச்சர்ஸ் பாயின்ட், விடிந்த நேரம். மேலே கிடந்த பனித்தூளை எல்லாம் காற்று ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தது. குனிந்து பார்த்தால் மலையின் பிம்பம் மட்டும், இளஞ்சிவப்பாக. லென்ஸின் முன் மாட்டியிருந்த, பிம்பத்தைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை மெல்லத் திருகினேன். மலை கரையக் கரைய, அதே இடத்தில் மீத்தேன் குமிழிகள் வெள்ளைத் தட்டுகளாக ஒன்றின்மேல் ஒன்று, கீழே இருட்டு வரைக்கும் தெரிந்தன. இன்னும் திருகினால் மறுபடி மலை. வீட்டில் எல்லோருக்கும் குமிழிப் படம்தான் பிடித்தது. எனக்கோ மலை பாதி, குமிழி பாதி என்று நின்ற அந்த ஒரு நொடிதான் வேண்டும். படத்தில் குமிழி துல்லியமாக இருக்கிறது, மலை வெறும் சிவப்புக் கறை. இதை யாராவது சரியாக எடுத்திருக்கிறீர்களா?

ஸ்கார்பரோ குமரன்

குமிழிப் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பிம்பத்தை அழிக்க ஃபில்டர் போடுவதே எனக்கு உடன்பாடில்லை, பனியின் அழகில் பாதி அதுதானே! நான் ஏரிக்கெல்லாம் போகவில்லை. நவம்பரில் எங்கள் வாகன நிறுத்தத்தில் ஒரு குட்டை உறைந்திருந்தது. அடியில் தண்ணீர் வற்ற வற்ற உறைந்ததால் மேலே வரி வரியாக வளையங்கள். பள்ளிப் பேருந்து வந்து நின்றதும் அத்தனை வளையத்திலும் மஞ்சள் ஓடியது. மேக்ரோவில், மிக அருகில் போய், நாலைந்து படம் எடுத்திருப்பேன், இறங்கிய பையன் ஒருவன் ஒரே மிதியில் நொறுக்கிவிட்டான். அந்தச் சத்தம் அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

எட்மன்டன் அக்கா

கல்கரித் தம்பி, பிம்பத்தின் ஃபோகஸ் பனியின் மேல் இல்லை. மலை எவ்வளவு தொலைவோ, பிம்பத்துக்கும் அவ்வளவு தொலைவு. தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் குமிழியும் மலையும் ஒன்றாக வராது. 20 மி.மீ. போன்ற, அகலமாகப் பார்க்கும் வைட் லென்ஸ், எஃப் 11 என்ற சிறிய துளை, குமிழிக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் டிரைபாடில் இரண்டு ஃபோகஸில் எடுத்து இணைக்கலாம். போலரைசர் முழுவதும் வேலை செய்வது செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 டிகிரி சாய்வில்தான். நேர் கீழே பார்த்துத் திருகினால் ஒன்றும் மாறாது. வெள்ளை அதிகமுள்ள பனி சாம்பலாக வந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், ஏற்றுங்கள். நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் நீலத்தை விழுங்கிவிடும், டேலைட்டில் வையுங்கள். காருக்குள் போகும் முன் கேமராவைப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸெல்லாம் ஈரம் பூத்துவிடும்.

இதையெல்லாம்விட முக்கியம், ஆப்ரஹாம் இயற்கை ஏரி இல்லை. 1972இல் பிக்ஹார்ன் அணை கட்டியதால் வந்த நீர்த்தேக்கம். குளிர்காலத்தில் நீர்மட்டம் இறங்க, கரையோரப் பனிக்கு அடியில் வெற்றிடம் விழும். நான் படுத்துக்கொண்டு படம் எடுத்தபோது நெஞ்சுக்கு அடியில் 'டொம்' என்று ஒரு விரிசல் ஓடியது, கண்முன்னே வெள்ளைக் கோடு. அந்தப் படம் என்னிடம் இருக்கிறது, இன்னும் யாருக்கும் காட்டவில்லை. தனியாகப் போகாதீர்கள்.

கல்கரிவாசி

அக்கா, நான் எடுத்தது 85 மி.மீ. டெலி லென்ஸில். இப்போது விளங்குகிறது. குமரன், பிம்பத்தை அழிக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை, இரண்டும் வேண்டும் என்றுதான் கேட்டேன். ஆனாலும் அந்த மஞ்சள் வளையங்களைப் பார்க்க வேண்டும், படத்தைப் போடுங்கள்.