புதுப்பிப்பு: பெரியப்பாவின் ஈசிஜி பனியன்

இதயத்தின் மின்சைகையைப் பதியும் ஈசிஜிக்காக ஜெல் மின்முனை ஒட்டிய இடமெல்லாம் சிவந்து தடித்துவிடுகிற எங்கள் பெரியப்பாவுக்கு, வெள்ளி பூசிய நைலான் இழையாலான மின்முனைகள் கொண்ட பனியன் ஒத்துவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

அம்பாசமுத்திரத்துக் கோடையிலும் தோல் தடிப்பு அறவே இல்லை. ஆனால், உலர்ந்த துணிக்கும் தோலுக்கும் இடையே மின்தடை மிகுதி என்பதாலும், மார்புத் தோலை வந்தடையும் இதய மின்சைகை ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் அளவே என்பதாலும், காலையில் அணிந்தவுடன் பதிவாகும் கோடு நடுங்கிக்கொண்டே இருக்கிறது. பனியனின் மின்முனைப் பட்டையின் உட்புறத்தைத் தண்ணீர் தொட்டு நனைத்தாலோ, சற்று வியர்த்தாலோ இதயத்துடிப்பைக் காட்டும் கூர்முனைகள் தெளிவாக எழுகின்றன. (வியர்வைக்கு நன்றி சொல்ல நேரும் என்று நம் ஊரில் யார் நினைத்திருப்பார்கள்!) வயலில் குனிந்து நிமிரும்போது கலைந்த பதிவு, ஓர் அளவு சிறிய பனியனுக்கு மாறியபின் பெரிதும் சீரானது.

சலவைதான் தொல்லை. வெளுப்பான் வெள்ளிப் பூச்சைக் கெடுத்துவிடும். ஆற்றுப் படித்துறையில் கல்லில் அடித்துத் துவைக்க வேண்டாம் என்று பெரியம்மாவை இசைய வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

உடலில் மாட்டிக்கொண்டே 24 மணி நேரம் எடுக்கும் ஹோல்ட்டர் ஈசிஜி பதிவில் சிக்காமல் வந்துபோகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும், இதய மேலறைகள் சீரற்றுத் துடிக்கும் கோளாறைப் பிடிப்பதே மருத்துவரின் நோக்கம்; பனியனின் பதிவு ஐயம் எழுப்பினால், வழக்கமான ஈசிஜியும் எடுத்துப் பார்த்த பிறகே மருந்தை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.