பேக்ஹாலுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

தும்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி உறுப்பினர்களுக்கான 16 பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்குள் அலைபேசியும் அகலப்பட்டையும் (பிராட்பேண்ட்) ஒழுங்காகக் கிடைக்க நிறுவனத்திடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பேக்ஹால் மட்டும் தொண்டையில் நிற்கிறது. முதலில் 'பின்னிழுவை' என்று எழுதினேன். பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது போலிருந்தது. 'பின்னிணைப்பு' என்று மாற்றினேன். கையேட்டின் கடைசியில் ஏற்கெனவே பின்னிணைப்பு 1, பின்னிணைப்பு 2 என்று இரண்டு உட்கார்ந்திருப்பது அப்புறம்தான் உறைத்தது. காப்பாற்றுங்கள்.

அலைவாங்கி எழுதியது:

சொல்லுக்கு முன்னால் பொருள் பார்ப்போம். போனிலிருந்து டவர் வரை அலை. டவரிலிருந்து மைய வலையமைப்பு வரை போகும் இணைப்புதான் பேக்ஹால். கண்ணாடி இழையாக இருக்கலாம், நுண்ணலையாக (மைக்ரோவேவ்) இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் செயற்கைக்கோளாகவும் இருக்கலாம். டவர் நொடிக்கு 150 மெகாபிட் கொடுக்கத் திராணியுள்ளது, பின்னால் வரும் நுண்ணலை இணைப்பு 30 மெகாபிட்தான் என்று வையுங்கள். சாயங்காலம் 60 பேர் ஒரே நேரத்தில் காணொளி பார்க்க உட்கார்ந்தால் ஆளுக்கு அரை மெகாபிட். போனில் ஐந்து கோடும் நிறைந்து நிற்கும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "டவர் ஃபுல்லா இருக்கு, நெட் வரல" என்று ஊரில் சொல்வது இதைத்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் இன்னொரு டவர் கேட்டு மனுக்கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

> டவர் ஃபுல்லா இருக்கு

இதில் 'டவர்' என்பது கருவியாகுபெயர். 'குழல் கேட்டான்' என்றால் குழலின் ஓசையைக் கேட்டான் அல்லவா, அதுபோல. கடன் வாங்கிய சொல்லுக்குக்கூட நம் மக்கள் ஆகுபெயர் இலக்கணம் பிசகாமல் போட்டுவிடுகிறார்கள். தும்பியின் கேள்விக்கு விடை பிறகு எழுதுகிறேன்.

கரும்பலகை எழுதியது:

நான் பாலிடெக்னிக்கில் இதை நடத்தும்போது பலகையில் ஓர் ஏரி வரைவேன். டவர்தான் ஏரி. ஏரியை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும், மதகை எவ்வளவு பெரிதாக வைத்தாலும், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால் என்ன வரும்? பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். ஆகவே என் ஓட்டு 'வரத்துக்கால்'. லாஸ்ட் மைலுக்கு (வீடுவரை வரும் கடைசித் துண்டு இணைப்பு) போன மாதம் 'கடைமடை' என்று இதே குழுவில் முடித்தோமே, அதனோடும் ஒட்டிப்போகும்.

சும்மா எழுதியது:

பேக்ஹால் என்றே போட்டுவிடுங்கள் அக்கா. கையேடு எதற்கு? நிறுவனத்திடம் கேள்வி கேட்க. அங்கே போனை எடுப்பவருக்குத் தெரிந்த சொல் அதுதான். "வரத்துக்கால் எத்தனை மெகாபிட்?" என்று கேட்டால் நீர்ப்பாசனத் துறைக்குப் போங்கள் என்று வைத்துவிடுவார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தம்பி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 'அலைக்கற்றை' வந்தபோதும் இதே கேலிதான். வைக்கோல் கற்றையா, கூந்தல் கற்றையா என்றார்கள். செய்தித்தாள்கள் விடாமல் எழுதின. இன்று டீக்கடையிலும் அந்தச் சொல் புழங்குகிறது. சொல் பழகுவதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.

வரத்துக்காலுக்கு வருவோம். இங்கே 'கால்' உறுப்பு அல்ல, நீர் செல்லும் வழி. வாய்க்கால், கால்வாய் இரண்டில் எது முந்தியது? பள்ளிப் பாடத்தில் கால்வாயை இலக்கணப் போலி என்பார்கள், முன்றில், புறநகர் வரிசையில் வைத்து. எனக்கு அதில் ஐயம் உண்டு. 'வாய்' என்பதற்கே வழி, இடம் என்ற பொருள்கள் இருக்க, கால் ஆகிய வாய் என்று நேராகவே பிரிக்கலாமே? இன்னொன்று. கால் என்றால் காற்று. நுண்ணலை இணைப்பு எதில் போகிறது? காற்றுவெளியில்தானே! ஆகவே இழையில் போனாலும் கால், வெளியில் போனாலும் கால். கால் என்பதற்கு நான்கில் ஒன்று, பொழுது, தூண் என்றெல்லாம் பொருள் விரிவதையும் பார்த்தால்...

(மீதியை இரவு எழுதுகிறேன்.)

அலைவாங்கி எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். நுண்ணலை போவதற்குக் காற்றே வேண்டாம், வெற்றிடத்திலும் போகும். அதைவிட என் பெரிய தடை 'வரத்து'. பேக்ஹால் இருவழி. ஊரிலிருந்து ஒருவர் படம் அனுப்பினாலும் அதே இணைப்பில்தான் போகிறது. வரத்து என்றால் வருவது மட்டும். வந்துபோவதற்குச் சரியான சொல் 'போக்குவரத்து', அதை பஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கரும்பலகை எழுதியது:

போக்குக்கு 'மறுகால்' இருக்கிறதே! ஏரி நிரம்பினால் வெளியே பாய்வது.

அலைவாங்கி எழுதியது:

அது வேறு வழியாகப் போகும் தண்ணீர் மேடம். வந்த வழியே திரும்பாது. ஆனால் உங்கள் ஏரிக்கணக்கில் ஒன்று நன்றாகப் பொருந்துகிறது. கிராமங்களில் நுண்ணலையை டவர்விட்டு டவர் தாவவிட்டுத்தான் கொண்டுபோவார்கள், மேலேரி கீழேரி மாதிரி. முதல் டவரில் மின்சாரம் போனால் அதன் பின்னால் தொங்கும் நாலு ஊரும் போச்சு. இரண்டு டவருக்கும் இடையில் நேர்ப்பார்வை வேறு வேண்டும். நடுவில் மரம் வளர்ந்து மறைத்தால் இணைப்பு நோஞ்சானாகிவிடும். செயற்கைக்கோளை நம்பி நிற்கும் டவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'வானம் பார்த்த டவர்'. புவிநிலைச் செயற்கைக்கோள் (பூமியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது) 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கேள்வி போய் விடை வர ஏறக்குறைய அரை நொடி. பேசும்போது இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

கடலோடி எழுதியது:

எங்கட பக்கம் ஏரி எண்டு சொல்லுறேல்லை, குளம்தான். வேறு இடத்தில கண்மாய் எண்டுவினம். நல்ல வேளை, சொல்லில ஏரி இல்லை, கால் மட்டும்தான் இருக்கு. வரத்துக்கால் எனக்கு விளங்குது. ஆனால் வயலே பார்க்காத பிள்ளையளுக்கு ரெண்டும் புதுச்சொல்தானே, பேக்ஹாலும் வரத்துக்காலும்?

சும்மா எழுதியது:

அதைத்தான் நானும் சொன்னேன். தவிர, ஆங்கிலத்திலும் அது லாரிக்காரர் சொல்தான், திரும்பும்போது ஏற்றிவரும் சுமை. நம் ஆட்கள் 'ரிட்டன் லோடு' என்பார்களே. அவர்கள் ஒரு லாரிச் சொல்லைத் தூக்கிக் கம்பியில் மாட்டினார்கள், யாரும் வேர் தோண்டவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அவர்கள் தங்கள் மொழியிலேயே இருந்த சொல்லை எடுத்தார்கள் தம்பி. நாமும் நம் மொழியில் இருக்கும் சொல்லை எடுக்கலாம் என்பதற்கு நீங்களே சான்று தந்துவிட்டீர்கள்.

தும்பி எழுதியது:

வியாழன் இரவு பத்து மணி. எண்ணிப் பார்த்தேன். வரத்துக்கால் நால்வர் (கடலோடியை அரை மனசோடு சேர்த்து, என்னையும் சேர்த்து), பேக்ஹால் ஒருவர், அலைவாங்கி எதற்கும் ஒப்பவில்லை. உள்ளே எல்லா இடத்திலும் வரத்துக்கால் போடுகிறேன். கடைசிப் பக்கத்தில், வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டிய கேள்விகளில் மட்டும் பேக்ஹால்: "எங்கள் டவரின் பேக்ஹால் இழையா, நுண்ணலையா? எத்தனை மெகாபிட்? அதே இணைப்பில் இன்னும் எத்தனை டவர் தொங்குகிறது?" இரண்டுக்கும் நடுவே 'வரத்துக்கால் என்பதும் பேக்ஹால் என்பதும் ஒன்றே' என்று ஒரு வரி.

அலைவாங்கி எழுதியது:

பதிவுக்காகச் சொல்கிறேன்: அது ஒருவழிச் சொல். என் மறுப்பு அப்படியே இருக்கிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கால் பற்றிய குறிப்பின் இரண்டாம் பகுதி தயார். கொஞ்சம் நீளம்.

தும்பி எழுதியது:

ஐயா, கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. லேட்டன்சிக்கு (கேள்வி போய் விடை வர ஆகும் தாமதம்) 'சுணக்கம்' என்று நானே போட்டுவிட்டேன். தயவுசெய்து யாரும் எதுவும் சொல்லாதீர்கள்.