வீட்ல வெல்டிங் மெஷின், 16 ஆம்ப் பிளக் தாங்குமா?

அல்சூர்வாசி: அண்ணா, பெங்களூர்ல வாடகை வீடு, மொட்டைமாடி கேட்டுக்காக 200 ஆம்ப் இன்வெர்டர் வெல்டிங் மெஷின் வாங்கினேன், ஃபுல்லா வச்சு ராடு தொட்டதுமே எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா ஆஃப் ஆகற ஸ்விட்ச்) விழுது, ஏன்?

பழைய ஃபிட்டர்: தம்பி, 200ங்கறது வெளிய வர்ற கரண்ட். அவ்ளோ வச்சா லைன்ல 30 ஆம்ப்புக்கு மேல இழுக்கும், பிளக்கே உருகிடும். 2.5 எம்எம் ராடுக்கு 70-80 போதும்பா, அப்போ லைன்ல 10லேர்ந்து 15 ஆம்ப்தான். எர்த் கண்டிப்பா பாத்துக்கோ.

மாடிவீட்டுக்காரன்: டியூட்டி சைக்கிள் 60%னா பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம்தான் வெல்டு, மீதி ஆறவிடணும். பெஸ்காம் (பெங்களூர் கரண்ட் கம்பெனி) பில்லுல சாங்ஷன் லோடும், அதாவது வீட்டுக்கு அனுமதிச்ச லோடு, பாருங்க. எக்ஸ்டென்ஷன் ஒயர சுருட்டி வச்சே ஓட்டாதீங்க, சூடாகி இளகிடும், எனக்கு ஆச்சு.

அல்சூர்வாசி: 75ல வச்சேன், விழல!